சனிக்கிழமை கூலிக்கு யார் கடன் தருவார்கள்?

ஆசிரியருக்கு,

ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கம் சிப்காட்டில் 9,000 கோடி ரூபாயில் டாடா மோட்டார்ஸ் கார் தொழிற்சாலை, 1,500 கோடியில் ஹாங் ஃபூ காலணித் தொழிற்சாலை என்று படிக்கும்போது சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் பேரணாம்பட்டிலிருந்து பனப்பாக்கம் நூறு கிலோமீட்டர் இருக்கும். எங்கள் தெருப் பெண்கள் விடியற்காலையில் வேன் ஏறி ஆம்பூர் ஷூ கம்பெனிகளுக்குப் போகிறார்கள். கைக்குழந்தை உள்ளவர்களும் வயதானவர்களும் மடியில் முறத்தை வைத்துக்கொண்டு பீடி சுற்றுகிறார்கள்.

இவர்களுக்காக ஊரிலேயே ஒரு சின்ன ஆலை வைக்கலாம் என்று என் மனைவி பெயரில் இறங்கினோம். ஷூவின் மேல்பாகமான அப்பர் தைக்கும் யூனிட், பன்னிரண்டு மெஷின். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் உற்பத்தித் தொழிலுக்குத் திட்டச் செலவு 50 லட்சம் வரை போகலாம். கிராமப்புறத்தில் பெண்கள் தொடங்கினால் 35 சதவீதம் மானியம். கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா? அந்த மானியம் மூன்று வருஷம் வங்கியிலேயே டெபாசிட்டாகக் கிடக்கும். கடனில் அந்தப் பங்குக்கு வட்டி கிடையாது, சரி. ஆனால் கையில் ஒரு ரூபாய் வராது.

மெஷின் வாங்கக் கடன் தர வங்கி தயங்கவில்லை. மெஷின் கண்ணுக்குத் தெரிகிற பொருள் அல்லவா! த்ரீ ஃபேஸ் மின் இணைப்புக்குத்தான் ஐந்து மாதம் காத்திருந்தோம். மெஷின்கள் பாலிதீன் உறை பிரிக்காமல் வரிசையாக நின்றன. தினமும் ஒரு பாட்டி வந்து, "எப்போம்மா ஓடும்?" என்று கேட்டுவிட்டுப் போவார். தவணைக்கு ஆறு மாத அவகாசம் உண்டு என்றார்கள். அதை மெஷினுக்குப் பணம் கட்டிய நாளிலிருந்து எண்ணினார்கள். கரண்ட் வந்த அடுத்த மாதமே முதல் தவணை.

அப்புறம் ஷூ கம்பெனிக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் கிடைத்தது. தைத்துக் கொடுத்த அப்பருக்குப் பணம் வர எழுபது நாள். சிறு தொழிலுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-லேயே சட்டம் வந்துவிட்டது. புகார் கொடுக்கவும் இடம் உண்டு. கொடுத்தால் அடுத்த ஜாப் யார் தருவார்கள்? தையல்காரப் பெண்களுக்கோ சனிக்கிழமை சாயங்காலம் கூலி போயாக வேண்டும். முதல் மூன்று சனிக்கிழமை மனைவியின் வளையல் தாங்கியது. நான்காவது வாரம் தண்டல்காரரிடம் போனேன். கூலி போன்ற அன்றாடச் செலவுக்கான நடைமுறை மூலதனம் கேட்டு வங்கிக்குப் போனபோது, "சொந்த வீட்டுப் பத்திரம் இருக்கிறதா?" என்றார்கள். சிறு தொழிலுக்கு அடமானம் இல்லாமல் கடன் கொடுக்கத்தானே அரசு கடன் உத்தரவாத நிதியம் வைத்திருக்கிறது?

யூனிட் இன்னும் ஓடுகிறது. வேலைக்கு வந்த ஒன்பது பேரில் இரண்டு பேர் மறுபடி பீடிக்குப் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

பெரிய ஆலைகளுக்கு நிலமும் சலுகையும் கொடுக்கிற அரசு எங்களுக்கு அவ்வளவு செய்ய வேண்டாம். தவணை அவகாசத்தை மின் இணைப்பு கிடைத்த நாளிலிருந்து எண்ணச் சொல்லட்டும். மெஷின் கடனோடு சேர்த்தே மூன்று மாதக் கூலிக்கான பணத்தையும் அனுமதித்து, முதல் ஆர்டரைக் காட்டியதும் விடுவிக்கட்டும். மாவட்டத் தொழில் மைய அதிகாரி ஒருவர், மெஷின் எத்தனை வந்தது என்று எண்ணுவதோடு நிற்காமல், ஒரு சனிக்கிழமை சாயங்காலம் இப்படி ஒரு யூனிட்டுக்கு வந்து உட்கார்ந்து பார்க்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பேரணாம்பட்டு, வேலூர் மாவட்டம்