ஒரே மூட்டைத் துணி

அவன் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டான். நேற்று ராத்திரி ரசத்தில் உப்பு பத்தவில்லை என்று திட்டினான். அந்தத் திட்டு காதில் விழுந்து 11 நாளாகியிருந்தது.

ரத்தம் கொடுத்த தம்பிகள், முறை வைத்து வராந்தாவில் படுத்தவர்கள், காசு வாங்க மறுத்த ஆட்டோக்காரர், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துப் பிள்ளைகள், எல்லோருக்கும் ஒரு கும்பிடு. பேர் போட்டால் சிலருக்கு வீட்டில் சிக்கல், அதனால் போடவில்லை.

அவன் தங்கச்சிக்குத் தனியாக. திருச்சியிலிருந்து பஸ் ஏறி வந்து கையெழுத்துப் போட்டது நீதானம்மா. 33 வருஷம் அவன் கூட இருந்த என் கையெழுத்து அந்த ஆஸ்பத்திரி ஃபாரத்துக்கு ஆகாதாம். எங்களைப் போன்ற ஒரே பாலினத்தார் உறவு குற்றமில்லை என்று 2009 ஜூலையில் டெல்லி ஐகோர்ட் தீர்ப்பு வந்த ராத்திரியே உனக்கு போன் போட்டு எங்களைப் பற்றிச் சொல்லிவிட்டான். நான் யாரிடமும் மூச்சுவிடவில்லை. 2013 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் அதைக் கவிழ்த்ததும் "பாத்தியா?" என்று ஏதோ ஜெயித்தவன் மாதிரி கேட்டேன். 2018-ல் சுப்ரீம் கோர்ட்டே 377-ஆம் சட்டப்பிரிவில் அது குற்றமில்லை என்று சொன்ன பிறகும் அபார்ட்மெண்டில் நாங்கள் ரூம்மேட்ஸ்தான். அறுபது வயசில் ரூம்மேட்ஸ்! 2009-ல் அந்த ராத்திரி அவனும் என்னைப்போல் வாயை மூடியிருந்தால் இன்றைக்கு எங்களுக்கு நாதியில்லை.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது தெருமுனை அயர்ன்காரருக்காக.

ஐந்தாம் நாள் சாயங்காலம் ஐசியூ வாசலில் வந்து நின்றார். நான் வரச் சொல்லவில்லை. கையில் பழைய துண்டில் கட்டிய மூட்டை. முந்தின வாரம் போட்ட துணி. மேலே என் சட்டை நாலு. அடியில் அவனுடைய வேட்டி, கரை மேலே தெரிய, மடிப்புக் கலையாமல்.

"இது எதுக்குப்பா இப்போ?"

"பெரிய சாரு வூட்டுக்கு வரும்போது கட்டிக்கினு வரணுமில்ல."

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. அவர் என்னைப் பார்க்காமல் துண்டை உதறி மடித்தார். "பத்தொம்பது வருசமா அயர்ன் போடுறேன் சார். உங்க ரெண்டு பேரு துணியத் தனித்தனியா கட்டிக் குடுத்திருக்கேனா?"

இல்லை. அவருடைய கணக்கு நோட்டிலும் எங்களுக்கு ஒரே பக்கம்தான். பக்கத்து வீட்டுக்குத் தெரியக்கூடாதென்று இரண்டு ரூம் கதவுக்கும் தனித்தனியாக ஸ்கிரீன் வாங்கி மாட்டியவன் நான்.

எங்களைப் போன்றவர்கள் கூட்டாக பேங்க் கணக்கு தொடங்கலாம், நாமினியாகப் போடலாம், தடையில்லை என்று நிதி அமைச்சகம் 2024 ஆகஸ்டிலேயே சொல்லிவிட்டது. கவுண்ட்டரில் என்ன பார்வை பார்ப்பார்களோ என்று நான்தான் தள்ளிப்போட்டேன். அவன் படியிறங்க ஆரம்பித்ததும் போகிறோம். சத்தியம்.

அந்த வேட்டியில்தான் வீட்டுக்கு வந்தான். துவைத்துக் காயப்போட்டிருக்கிறேன். நாளைக்கு உங்கள் அயர்ன் வண்டிக்குக் கொண்டுவருகிறேன், என் சட்டைகளோடு சேர்த்து.