மலைக்காட்டு மரவீடு விற்பனைக்கு: பார்க்க வருகிறவர்கள் கவனத்துக்கு

நண்பர்களே, மின்கம்பி எட்டாத மலைக்காட்டில் தனி மரவீடு ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. நம்மில் சிலர் இப்படி ஒன்றைத்தான் தேடிக்கொண்டிருந்தீர்கள்.

தயவுசெய்து படங்களை மட்டும் பார்த்து முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். முதலில் பாதை. வண்டி போவது வேறு, போகும் உரிமை பத்திரத்தில் இருப்பது வேறு. இடையில் நிலம் வைத்திருப்பவர் நாளை சங்கிலி போட்டுவிட்டால், வீடு இருந்தும் இல்லாத மாதிரிதான்.

தண்ணீர் ஊற்றிலிருந்து குழாயில் தானாக இறங்கி வருகிறதாம். 10 மீட்டர் உயரத்துக்குச் சுமார் 1 பார் அழுத்தம்தான் கிடைக்கும், அதனால் தொட்டி எவ்வளவு மேலே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். கோடைக் கடைசியில் ஊற்று வற்றுமா என்பதையும் கேட்போம்.

சோலார் பலகையைவிட பேட்டரிதான் முக்கியம். ஈய-அமில வகையைப் பாதிக்கு மேல் அடிக்கடி காலி செய்தால் சீக்கிரம் போய்விடும். அப்புறம் விறகு அடுப்பின் புகைபோக்கி: உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். தார் பூசியது போலக் கருப்பாகப் பளபளத்தால் தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு.

சனிக்கிழமை காலை கிளம்புகிறோம். வருகிறவர்கள் வியாழன் இரவுக்குள் பெயர் சொல்லுங்கள். மேலே சிக்னல் கிடையாது, வீட்டில் சொல்லிவிட்டு வாருங்கள்.