சேகருக்கு, கிளீவ்லாந்திலிருந்து

அன்புள்ள சேகர்,

கடிதமும் பத்திரிகையும் ஒன்றாக வந்து சேர்ந்தன. வித்யாவுக்குக் கல்யாணம் என்பதே இன்னும் நம்ப முடியவில்லை, போன தடவை நான் ஊருக்கு வந்தபோது சைக்கிள் ஓட்டிப் பழகிக்கொண்டிருந்த பெண். நேரில் வர முடியாததுதான் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. முழங்கால் ஆபரேஷன் முடிந்து ஏழு வாரம் ஆகிறது, வாக்கரை விட்டுக் கைத்தடிக்கு வந்துவிட்டேன், ஆனால் அவ்வளவு நேரம் விமானத்தில் காலை மடக்கி உட்காரக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அப்புறம், நீ பள்ளிப் பிள்ளைகளுக்கு நடத்தும் வினாடி வினாவுக்காக ஒன்று கேட்டிருந்தாயே, அமெரிக்க ஃபுட்பாலில் ஒரு சீசனின் எல்லா ஆட்டத்திலும் ஜெயித்துப் பட்டமும் வென்ற ஒரே தொழில்முறை அணி 1972 மயாமி டால்ஃபின்ஸ்தானா என்று. தயவுசெய்து அந்தக் கேள்வியை அப்படியே கேட்காதே. என்எஃப்எல் (நேஷனல் ஃபுட்பால் லீக், இங்குள்ள பெரிய தொழில்முறை லீக்) என்று சேர்த்துக் கேட்டால் சரி. ‘தொழில்முறை’ என்று பொதுவாகக் கேட்டால் 1948 கிளீவ்லாந்து பிரவுன்ஸுக்கு அநியாயம் செய்கிறாய். லீக் ஆட்டம் 14-லும் வெற்றி, அதற்கு மேல் இறுதி ஆட்டமும் வெற்றி. நீண்ட காலம் அது கணக்கில் வராமல் போனதற்கு ஒரே காரணம், அவர்கள் ஆடியது என்எஃப்எல்லுக்குப் போட்டியாக வந்த லீக்கில்.

ஆல்-அமெரிக்கா ஃபுட்பால் கான்ஃபரன்ஸ் என்று பெயர். சிகாகோ ட்ரிப்யூன் பத்திரிகையின் விளையாட்டுப் பிரிவு ஆசிரியர் ஆர்ச் வார்ட் 1944-ல் போட்ட திட்டம், போர் முடிந்து 1946-ல் ஆட்டம் தொடங்கியது, நான்கே சீசன்தான் நடந்தது. இந்த ஊருக்கு அது வந்த நேரத்தைப் பார். 1945-ல் என்எஃப்எல் பட்டம் வென்ற அணி கிளீவ்லாந்து ராம்ஸ், பட்டத்தோடு அப்படியே லாஸ் ஏஞ்சலஸுக்குக் கிளம்பிப் போய்விட்டது. அந்த இடத்துக்கு வந்தது பிரவுன்ஸ். முதலாளி மிக்கி மெக்பிரைடுக்கு டாக்ஸி கம்பெனி இருந்தது. அணியில் இடம் இல்லாத வீரர்களைக் கைவிடாமல் அந்த டாக்ஸி கம்பெனிச் சம்பளப் பட்டியலில் வைத்துக்கொள்வார், ‘டாக்ஸி ஸ்குவாட்’ என்று இங்கே சொல்கிறார்களே அது அதில் வந்ததுதான். பயிற்சியாளர் பால் பிரவுன், பள்ளி வாத்தியாராக இருந்தவர், வீரர்களை வகுப்பில் உட்காரவைத்து நோட்டில் எழுதச் சொன்னவர், ஆட்டத்தின் ஃபிலிமைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பாடம் நடத்தியவர். 1946-லேயே மரியன் மோட்லி, பில் வில்லிஸ் என்ற இரண்டு கறுப்பின வீரர்களைச் சேர்த்துக்கொண்டார், பேஸ்பாலில் ஜாக்கி ராபின்சன் பெரிய லீக்குக்குள் வருவதற்கு ஒரு வருஷம் முன்பு. அந்த சீசனில் மயாமியில் போய் ஆட வேண்டிய ஆட்டத்துக்கு மட்டும் அவர்கள் இருவரும் போக முடியவில்லை. நிறம்தான் காரணம். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

சரி, 1948-க்கு வருகிறேன். காலை நீட்டிப் படுத்துக்கொண்டே அந்த வருஷத்து ஆட்டங்களை ஒவ்வொன்றாகப் படித்தேன். பதினான்கு வெற்றியில் பாதிக்கு மேல் அவர்களுக்குச் சுலபமாக வந்தவை, அதை ஒப்புக்கொள்கிறேன். லீக்கில் பலவீனமான அணிகள் இருந்தன, சிகாகோ ராக்கெட்ஸ் அந்த வருஷம் ஒரே ஒரு ஆட்டம்தான் ஜெயித்தது. ஆனால் சான் பிரான்சிஸ்கோ 49-எர்ஸ் அப்படி இல்லை. நவம்பர் 14-ல் இரண்டு அணியும் இங்கே ஏரிக்கரை ஸ்டேடியத்தில் மோதியபோது கூட்டம் 82,000-த்தைத் தாண்டியது, பிரவுன்ஸ் 14-7 என்று தப்பித்தது. எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் அன்றைக்கு அப்பாவோடு போயிருக்கிறார், பத்து வயது. ஆட்டம் எதுவும் சரியாக ஞாபகம் இல்லை, முன்னால் உட்கார்ந்திருந்தவரின் தொப்பிதான் ஞாபகம் இருக்கிறது, ஆனால் மோட்லி பந்தை வாங்கி ஓடும்போது மொத்தக் கூட்டமும் எழுந்ததால் அப்பா தன்னைத் தோளில் தூக்கிக்கொண்டதை இன்றைக்கும் சொல்கிறார்.

அதற்கு அடுத்த வாரம்தான் எனக்கு முக்கியம். நவம்பர் 21 நியூயார்க்கில் யாங்கீஸ் அணியோடு ஆட்டம், 34-21. நாலே நாள் கழித்து, தேங்க்ஸ்கிவிங் அன்று, நாட்டின் மறுகோடியில் லாஸ் ஏஞ்சலஸில் டான்ஸ் அணியோடு, 31-14. அதற்கு மூன்று நாள் கழித்து 28-ஆம் தேதி சான் பிரான்சிஸ்கோவில் மறுபடியும் 49-எர்ஸ். எட்டு நாளில் மூன்று ஆட்டம், சேகர். இப்போதெல்லாம் ஞாயிறு ஆடிவிட்டு வியாழன் ஆடச் சொன்னாலே உடம்பு தாங்காது என்று வீரர்கள் சொல்கிறார்கள், அது நியாயமும்கூட. லாஸ் ஏஞ்சலஸ் ஆட்டத்தில் பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் ஓட்டோ கிரஹாமுக்கு முழங்காலில் அடி, அடுத்த ஆட்டம் ஆடவே மாட்டார் என்றுதான் எதிர்பார்த்தார்கள். ஆடினார். பின்தங்கியிருந்த அணியை இழுத்து மேலே கொண்டுவந்தார், அவர் வீசியதில் நான்கு டச் டவுன் (பந்தை எதிரணியின் கடைசிக் கோட்டுக்கு அப்பால் கொண்டுசேர்ப்பது, அதற்குப் பின் வரும் உதையும் சேர்ந்தால் ஏழு புள்ளி). இறுதியில் 31-28. இரண்டு பக்கமும் நான்கு நான்கு டச் டவுன், வித்தியாசம் பிரவுன்ஸின் லூ குரோசா கம்பங்களுக்கு நடுவே உதைத்த ஒரு ஃபீல்ட் கோல், மூன்றே புள்ளி. என் முழங்காலை மடக்க முடியாமல் பிசியோதெரபியில் பல்லைக் கடிக்கிறபோது அந்த மனிதரைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

49-எர்ஸுக்கு நடந்ததையும் சொல்லியாக வேண்டும். 12 வெற்றி, 2 தோல்வி, இரண்டும் பிரவுன்ஸிடம்தான். லீக்கில் இரண்டு பிரிவு, ஒவ்வொன்றிலும் முதலில் வந்த அணிக்குத்தான் இறுதி ஆட்டம், இவர்கள் பிரவுன்ஸோடு ஒரே பிரிவில் இருந்ததால் இறுதிக்கே போக முடியவில்லை. கிழக்குப் பிரிவில் ஏழு ஜெயித்து ஏழு தோற்ற பஃபலோ பில்ஸ் இறுதிக்கு வந்தது. டிசம்பர் 19-ல் பிரவுன்ஸ் அவர்களை 49-7 என்று அடித்துப் போட்டது, மோட்லி மட்டும் மூன்று டச் டவுன். அன்று ஸ்டேடியத்தில் இருந்தவர்கள் 23,000 பேர்கூட இல்லை. ஒரு மாதத்துக்கு முன் 82,000 பேர் வந்த அதே இடம். எப்படியும் ஜெயித்துவிடுவார்கள் என்று தெரிந்துவிட்டால் டிக்கெட் வாங்கிக் குளிரில் உட்கார யார் வருவார்கள்? அதோடு அந்த அக்டோபரில்தான் இந்த ஊரின் பேஸ்பால் அணி உலகத் தொடரை வென்றிருந்தது, அதுவும் அதே ஸ்டேடியத்தை நிரப்பிய அணி, ஜனங்களின் பணமும் உற்சாகமும் அங்கே செலவாகியிருக்கும் என்பது என் ஊகம். எனக்கு இதுதான் அந்த சீசனிலேயே வருத்தமான விஷயம். இத்தனை நன்றாக ஆடியதே அவர்களுக்கு எதிராகப் போனது, லீக்குக்கும் எதிராகப் போனது, ஒரே அணி நான்கு வருஷமும் பட்டம் வாங்கினால் மற்ற ஊர்க்காரனுக்கு என்ன ஆர்வம் இருக்கும்.

1949 முடிவில் அந்த லீக் கலைந்து, பிரவுன்ஸ், 49-எர்ஸ், பால்டிமோர் கோல்ட்ஸ் மூன்றும் என்எஃப்எல்லுக்குள் வந்தன. சின்ன லீக்கில் ஆடியவர்கள்தானே என்று பேசியவர்களுக்கு 1950 செப்டம்பரில் பதில் கிடைத்தது. அதற்கு முந்தைய இரண்டு வருஷமும் என்எஃப்எல் சாம்பியனாக இருந்த பிலடெல்பியா ஈகிள்ஸை அவர்கள் ஊரிலேயே, 71,000 பேர் முன்னால், முதல் ஆட்டத்திலேயே 35-10 என்று வென்றார்கள். அந்த வருஷப் பட்டமும் இவர்களுக்கே. அதனால்தான் 1948-ஐச் சின்ன விஷயம் என்று யாராவது சொன்னால் நான் விடுவதில்லை.

இதே பிரவுன்ஸ் 2017-ல் 16 ஆட்டத்திலும் தோற்றது தெரியுமா? தோற்காத சீசன், ஜெயிக்காத சீசன் இரண்டையும் பார்த்த ஊர் இது. பக்கத்து வீட்டுப் பெரியவர் அந்த வருஷமும் ஒரு ஆட்டம் விடாமல் பார்த்தார். வயசாகிவிட்டதால் இப்போது டிவியில்தான்.

சீர் வரிசைக்கு என் பங்கைத் தம்பி மூலமாகக் கொடுத்து அனுப்புகிறேன், மறுக்காதே. முகூர்த்தம் இங்கே ராத்திரி எட்டரை மணிக்கு வருகிறது, யாராவது போனில் வீடியோ கால் போட்டால் தாலி கட்டுவதைப் பார்த்துவிடுவேன். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் எப்போது என்று எழுது.

அன்புடன்,
ராமு