இரவில் தங்கும் ஒரு டொக்டரைக் கேட்டு ஒரு திறந்த மடல்

வைத்தியர்களின் நியமனப் பட்டியலிலும் இடமாற்றப் பட்டியலிலும் ஒப்பமிடும் ஐயா, அம்மா அனைவருக்கும்,

வணக்கம்.

முல்லைத்தீவு மாவட்டத்தில், ஏ9 வீதியிலிருந்து உள்ளே ஒதுங்கிய ஒரு குளத்தடிக் கிராமத்திலிருந்து எழுதுகிறேன். எந்த ஆஸ்பத்திரியைப் பற்றிச் சொல்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். ஏற்கெனவே மூன்று கடிதங்கள் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். மூன்றுக்கும் பதில் கிடைத்தது, அதற்கு நன்றி. மாகாணத்திலிருந்து வந்த பதில் கொழும்பைக் கேட்கச் சொன்னது. கொழும்பிலிருந்து வந்த பதில் மாகாணத்தைக் கேட்கச் சொன்னது. மூன்றாவது பதிலில் முதல் இரண்டின் பிரதிகளும் இணைக்கப்பட்டிருந்தன. அதனால்தான் இந்த முறை எல்லோரும் பார்க்கும்படி எழுதுகிறேன்.

கேட்பது ஒன்றுதான். அந்த ஆஸ்பத்திரிக்கு இரவில் தங்கும் ஒரு டொக்டர் வேண்டும்.

கடந்த மாசியில் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் எங்கள் பக்கத்து வளவுக்காரரைப் புடையன் பாம்பு கடித்தது. காலபோக நெல் வெட்டி முடிந்த வயலில் வைக்கோல் அள்ளிக்கொண்டு நின்றார். மகனும் மருமகனும் மோட்டார் சைக்கிளில் நடுவில் இருத்திக் கொண்டுபோக, நான் பின்னால் ஆட்டோவில் போனேன். ஆஸ்பத்திரியில் ஒரு தாதியும் ஒரு சிற்றூழியரும் இருந்தார்கள். டொக்டர் இல்லை. அவரைக் குறைசொல்லவில்லை. அவர் வேறோர் ஆஸ்பத்திரியிலிருந்து பதில் கடமைக்காக வாரத்தில் மூன்று நாள் வந்துபோகிறவர். பகல் பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

அந்தத் தாதிப் பிள்ளை செய்ய வேண்டியதைச் செய்தார். கண்ணாடிக் குழாய் ஒன்றில் கொஞ்சம் இரத்தம் எடுத்து மேசையில் நிறுத்தி வைத்தார். 20 நிமிடம் அசைக்காமல் வைத்துவிட்டுச் சரித்துப் பார்க்க வேண்டுமாம். உறைந்திருந்தால் அப்போதைக்குப் பயமில்லை. தண்ணீர் மாதிரி ஓடினால் விஷம் இரத்தத்தில் கலந்துவிட்டது. நாங்கள் நாலு பேரும் சுவர் மணிக்கூட்டையும் குழாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றோம். நான் நீதிமன்றங்களில் தீர்ப்புக்காகக் காத்து நின்றவன். அந்த 20 நிமிடம் போல ஒன்றை அனுபவித்ததில்லை. பிள்ளை குழாயைச் சரித்தார். ஓடியது.

விஷமுறி மருந்து அங்கேயே இருந்தது. அதை ஏற்றும்போது சிலருக்கு உடம்பு ஒவ்வாமல் பிரஷர் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம், ஆகவே பக்கத்தில் டொக்டர் இல்லாமல் தொடங்க முடியாது. தாதி தொடங்கவில்லை. அவர் செய்தது சரி. அம்புலன்ஸ் ஒரு பிள்ளைத்தாய்ச்சியோடு போயிருந்தது. மீன் ஏற்றும் பட்டா வாகனத்தில் பாய் விரித்துக் கிடத்தி, பெரியாஸ்பத்திரிக்குப் போய்ச் சேர இரவு 9 மணி தாண்டிவிட்டது. வழியில் பல் முரசால் இரத்தம் கசிய ஆரம்பித்தது.

ஆள் தப்பிவிட்டார். சிறுநீரகம் தப்பவில்லை. இப்போது வாரத்தில் இரண்டு நாள் இரத்தம் சுத்திகரிக்க பஸ் ஏறுகிறார். வரும் காலபோகத்துக்கு வயலைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டார். மருந்து முதல் மணித்தியாலத்திலேயே ஏறியிருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்று நான் சத்தியக்கடதாசி முடிக்கமாட்டேன், அது டொக்டர்மார் சொல்ல வேண்டியது. நான் கண்ணால் கண்டதை மட்டும் சொல்கிறேன். மருந்தும் நோயாளியும் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள். நடுவில் இருக்க வேண்டிய ஆள் இல்லை.

இனி என் தொழிலைப் பற்றிக் கொஞ்சம். வாக்குமூலம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அம்மாவோடு இருக்க ஊருக்கு வருமுன், 26 ஆண்டுகள் அமெரிக்காவில் குடிவரவுச் சட்டத்தரணியாக இருந்தேன். என் கட்சிக்காரர்கள் வெளிநாட்டு டொக்டர்மார், ஆராய்ச்சியாளர்கள், அவர்களை வேலைக்கு எடுக்கும் பல்கலைக்கழகங்கள். பல்கலைக்கழக வேலை சுலபமானது. மற்றக் கம்பனிகள் எச்-1பி என்ற வேலை விசாவின் ஆண்டுக்கு 85,000 இடத்துக்குக் குலுக்கலில் நிற்க, பல்கலைக்கழகங்களுக்கும் அவற்றோடு இணைந்த இலாப நோக்கற்ற ஆஸ்பத்திரிகளுக்கும் அந்த வரையறை கிடையாது. ஆராய்ச்சியாளர் வேலை கண்ணுக்குக் கெடுதல். அவருடைய கட்டுரையை உலகத்தில் யார் யார் மேற்கோள் காட்டினார்கள் என்று எண்ணிக்கொண்டிருக்க வேண்டும். அதெல்லாம் இருக்கட்டும். சொல்ல வந்தது டொக்டர்மாரைப் பற்றி.

வெளிநாட்டு டொக்டர்மார் மேற்பயிற்சிக்குப் பெரும்பாலும் ஜே-1 என்ற பரிமாற்ற விசாவில்தான் அமெரிக்கா போகிறார்கள். அதற்கு அவரவர் நாட்டுச் சுகாதார அமைச்சு ஒரு கடிதம் கொடுக்க வேண்டும். இந்தத் துறையில் பயிற்சி பெற்றவர்கள் எங்கள் நாட்டுக்குத் தேவை, பயிற்சி முடிந்ததும் திரும்பி வருவதாக இவர் எழுத்தில் உறுதி தந்திருக்கிறார் என்பது அதன் சாரம். பயிற்சி முடிந்தவர் இரண்டு ஆண்டு சொந்த நாட்டில் இருந்த பிறகே மறுபடி வேலை விசாவோ நிரந்தர வதிவிடமோ கேட்கலாம் என்று அமெரிக்கக் குடிவரவுச் சட்டத்தின் 212(இ) பிரிவு சொல்கிறது. வாசிக்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது, பாருங்கள். அந்த இரண்டு ஆண்டை இல்லாமற் செய்வதுதான் என் பிழைப்பு. தேவை என்று எழுதி ஒப்பமிட்ட கடிதங்கள் என் மேசைக்கு வரும். நான் அவற்றைக் கோவையில் குத்தி வைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பேன்.

அந்த அடுத்த வேலைக்குப் பெயர் கொன்ராட் 30. வட டகோட்டா மாநிலத்தின் செனட்டராக இருந்த கென்ட் கொன்ராட் முயன்று 1994இல் கொண்டுவந்த ஏற்பாடு. டொக்டர் தட்டுப்பாடு என்று அரசே அடையாளம் கண்ட பகுதியில் மூன்று ஆண்டு, வாரத்துக்கு 40 மணித்தியாலம் வேலை செய்வதாக ஒப்பந்தம் எழுதினால், இரண்டு ஆண்டு ஊருக்குப் போகும் விதி தள்ளுபடியாகும். தொடக்கத்தில் ஒரு மாநிலத்துக்கு ஆண்டுக்கு 20 பேர், 2002இலிருந்து 30 பேர். தள்ளுபடி கிடைத்து 90 நாளுக்குள் வேலைக்குப் போக வேண்டும். தக்க காரணமில்லாமல் இடையில் விட்டுப்போனால் பழைய இரண்டு ஆண்டு மறுபடி தலையில் ஏறும். புது நிதியாண்டு பிறக்கும் ஒக்டோபர் 1ஆம் திகதியை ஒட்டி எங்கள் அலுவலகத்தில் ஒருவரும் ஒழுங்காக நித்திரை கொள்வதில்லை. சில மாநிலங்களில் 30 இடமும் கொஞ்ச நாளிலேயே முடிந்துவிடும்.

அந்த ஊர்களைப் பார்த்திருக்கிறேன். கண்ணுக்கெட்டிய தூரம் கோதுமை வயல், ஒரு பெற்றோல் செட், ஒரு தேவாலயம், 25 கட்டில் ஆஸ்பத்திரி. மாங்குளச் சந்தி அவற்றுக்குப் பக்கத்தில் பட்டணம். ஆனாலும் டொக்டர் அங்கே போகிறார், மூன்று ஆண்டு இருக்கிறார், சிலர் அங்கேயே வீடும் வாங்கிவிடுகிறார்கள். ஏன்? எத்தனை ஆண்டு என்று அவருக்குத் தெரியும். முடிந்ததும் என்ன கிடைக்கும் என்று தெரியும். இரண்டும் எழுத்தில் இருக்கும். அதோடு அந்த ஊர்க்காரர்களுக்கு டொக்டரின் அருமை தெரியும். அப்படியோர் ஆஸ்பத்திரி நிர்வாகி ஒப்பந்தம் பேச என்னை அழைத்து முதலில் கேட்டது சம்பளத்தைப் பற்றி இல்லை. டொக்டரின் மனைவி என்ன படித்தவர், எங்கள் ஊரில் அவருக்கு என்ன வேலை பார்த்துக் கொடுக்கலாம் என்று கேட்டார். பிறகு, புழுங்கலரிசி எங்கே வாங்கலாம் என்று கேட்டார்.

இங்கே டொக்டருக்கென்று கட்டிய குவாட்டர்ஸைப் போய்ப் பார்த்தேன். தண்ணீர்த் தாங்கி வெடித்திருந்தது. கூரைக்குள் வௌவால். கட்டில் இருந்தது, மெத்தை இல்லை. இதற்குள் ஓர் இளம் டொக்டர், அதுவும் ஒரு பெண் பிள்ளை, தனியே எப்படி இருப்பார்? எத்தனை மாதம் இருக்க வேண்டும், அடுத்து எங்கே அனுப்புவார்கள் என்று ஒருவரும் சொல்வதில்லை. வன்னி என்றால் தண்டனை இடமாற்றம் என்ற பேச்சை யார் தொடக்கினார்கள் என்று எனக்குத் தெரியாது. அந்தப் பேச்சைப் பொய்யாக்க உங்கள் பக்கம் எதுவும் நடந்ததாகவும் தெரியவில்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஓபிடி மண்டபச் சுவரில், இதுவரை கடமையாற்றிய வைத்தியர்களின் பெயர்ப்பலகை இருக்கிறது. பட்டா வாகனம் வரும்வரை அதை வாசித்துக்கொண்டு நின்றேன். அதில் ஒரு பெயர் என் கட்சிக்காரருடையது. பெயரைச் சொல்லமாட்டேன், அது தொழில் இரகசியம். அவர் இங்கே இருந்தது 11 மாதம். போரால் பாதிக்கப்பட்ட, டொக்டர் வசதி குறைந்த பகுதியில் சேவை செய்த அனுபவம் உள்ளவர், எனவே உங்கள் நாட்டுப்புறத்துக்குப் பொருத்தமானவர் என்று அந்த 11 மாதத்தை வைத்து ஒரு பந்தி முழுக்க எழுதியவன் நான். அழகான பந்தி. விண்ணப்பம் வென்றது. எங்கள் ஊரின் இல்லாமையைக் காட்டி இன்னோர் ஊருக்கு டொக்டர் எடுத்துக் கொடுத்து, அதற்குக் கட்டணமும் வாங்கினேன். ஆகவே உங்களைக் கேள்வி கேட்க இவன் யார் என்று நீங்கள் நினைத்தால் அதிலும் நியாயம் இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன், கேட்காவிட்டால் பக்கத்து வளவுக்காரரின் முகத்தில் முழிக்க முடியாது.

2025 செப்டெம்பரில் புதிய எச்-1பி விண்ணப்பங்களுக்கு 100,000 டொலர் கட்டணம் என்று அமெரிக்கா அறிவித்தபோது இங்கே ஒரு பெரியவர் சந்தோஷப்பட்டார். இனி எங்கட டொக்டர்மார் இங்கேயே நிற்பினம், தம்பி, என்றார். அங்கே ஒரு கதவு சாத்தினால் இங்கே குவாட்டர்ஸில் விளக்கு எரிந்துவிடுமா? ஒஸ்ரேலியா இருக்கிறது, இங்கிலாந்து இருக்கிறது. இன்னொரு சட்டத்தரணி இருப்பான், அவன் என்னைவிட நல்ல பந்தி எழுதுவான்.

எங்கள் புலம்பெயர்ந்த ஆட்களையும் விட்டுவைக்க மனமில்லை. கட்டிடம் தருவோம், பெயர்க்கல் வைப்போம், நாடா வெட்டுவோம், படம் எடுப்போம். அந்தப் படங்களில் இரண்டில் நானும் நிற்கிறேன். எங்கள் ஆஸ்பத்திரியில் மூன்று பெயர்க்கற்கள் இருக்கின்றன. பாம்பு கடித்தவருக்குப் பெயர்க்கல் ஊசி போடாது.

கோபத்தில் எழுதிக்கொண்டு போகிறேன், மன்னிக்க வேண்டும்.

2009இல் புதுக்குடியிருப்பு ஆஸ்பத்திரியில் ஷெல் விழுந்த பிறகு, புதுமாத்தளன் பள்ளிக்கூடத்துக்கும் முள்ளிவாய்க்காலுக்கும் காயக்காரரோடு நகர்ந்து நகர்ந்து கடைசிவரை நின்ற அரச வைத்தியர்கள் இருந்தார்கள். அவர்களை நிறுத்தி வைக்க எந்தச் சுற்றறிக்கையும் தேவைப்படவில்லை. ஆனால் அப்படிப்பட்டவர்கள் வருவார்கள் என்று காத்திருந்து ஒரு நிர்வாகம் நடத்தலாமா? சாதாரண மனிதர் ஒருவர் வந்து, தன் வேலையைச் செய்து, நிம்மதியாக நித்திரை கொண்டு எழும்பக்கூடியதாக ஓர் ஏற்பாடு இருந்தால் போதும்.

மூன்றாவது கடிதத்தோடு இரண்டு பக்க வரைபு ஒன்று இணைத்திருந்தேன். தயவுசெய்து அதை எடுத்துப் பாருங்கள். மூன்று ஆண்டு என்று கால எல்லை போட்ட நியமனம். முடித்தவர் அடுத்து விரும்பும் இடத்துக்கு முன்னுரிமை, அது நியமனக் கடிதத்திலேயே எழுதப்பட வேண்டும். ஒருவர் வீட்டுக்குப் போகும் வார இறுதியில் நிற்க இரண்டாவது ஒருவர். இதற்கு அமெரிக்கச் சட்டமும் தேவையில்லை, டொலரும் தேவையில்லை. இரண்டாவது ஆளுக்கு இப்போது வழியில்லை என்றால் அதைப் பிறகு பார்ப்போம். முதலாவது ஆளைப் பிறகு பார்க்க முடியாது, ஐயா. இரவில் தங்கும் ஒரு டொக்டர் வேண்டும்.

வருடாந்த இடமாற்றப் பட்டியல் தயாராகும் காலம் இது. அதனால்தான் அவசரப்படுத்துகிறேன். உங்களுக்கு வேலை சுகமாகட்டும் என்று எங்கள் கிராம அபிவிருத்திச் சங்கப் பிள்ளைகள் போன சனி, ஞாயிறு சிரமதானம் செய்தார்கள். புதுத் தாங்கி வைத்தாயிற்று. வௌவாலைக் கலைத்துக் கூரை இடுக்குகளை அடைத்தாயிற்று. மெத்தையும் நுளம்பு வலையும் வாங்கிப் போட்டோம், வாசலில் விளக்கும் போட்டோம். பக்கத்து வளவுக்காரர் குனிந்து வேலை செய்ய முடியாது என்பதால் கதிரையில் இருந்து ஜன்னலுக்குப் பெயின்ற் அடித்தார்.

திறப்பு ஆஸ்பத்திரிக் காவலாளியிடம் இருக்கிறது. வருகிறவர் எந்த நேரத்தில் வந்தாலும் வாங்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
பணிவுடன்,
ஓய்வுபெற்ற குடிவரவுச் சட்டத்தரணி ஒருவர்
முல்லைத்தீவு மாவட்டம்