செயலாளர் ஆண்டறிக்கை 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம். வராதவர்களுக்கும் வணக்கம். அறிக்கையின் நகல் அவர்கள் வீட்டுக் கதவிடுக்கில் செருகி வைக்கப்படும்.

நமது குடியிருப்போர் நலச் சங்கம் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்கீழ் பதிவானது. ஆண்டுக்கு ஒருமுறை பொதுக்குழுவைக் கூட்டிக் கணக்கையும் அறிக்கையையும் வைப்பது கடமை. கூட்டத்தைக் கூட்டிவிட்டேன். கூடியிருப்பவர்களை எண்ணிப் பார்த்தேன், பதினான்கு பேர். வீடுகள் 48.

சுதந்திர தினத்தன்று கொடியேற்றி மிட்டாய் வழங்கப்பட்டது. மழைக்கு முன் மொட்டைமாடி ஓட்டு விரிசல்கள் பூசப்பட்டன. பொங்கல் விழா நடந்தது. கோலப்போட்டியில் நடுவர் தீர்ப்பு குறித்த புகார் முடித்துவைக்கப்பட்டது. குடியரசு தினத்தன்றும் கொடி ஏறியது, மிட்டாய் தீர்ந்துவிட்டது. கீழ்த்தொட்டி இரண்டு முறை கழுவப்பட்டது. செயற்குழு ஆறு முறை கூடியது.

இனி, பலரும் படிக்கட்டில் கேட்டும் என் முகத்துக்கு நேரே கேட்காத விஷயத்துக்கு வருகிறேன். "ஏனுங்க, செயலாளரு சங்கக் காசுல கத்தி வாங்கீட்டாராமா?" என்பதுதான் அது. வாங்கியது கத்தி அல்ல. சட்டைப்பையில் அடங்கும் பல்கருவி. மடக்கினால் உள்ளங்கை அளவு, விரித்தால் குறடு. கைப்பிடிக்குள் கத்தி, ரம்பம், அரம், டின் ஓப்பனர், பெரிய ஸ்க்ரூ டிரைவர், சின்ன ஸ்க்ரூ டிரைவர், மீன் செதில் சுரண்டும் பட்டை. ஏன் வாங்கினேன் என்பதைச் சொல்ல ஆடிப்பெருக்கிலிருந்து ஆரம்பிக்கவேண்டும்.

2024 ஆகஸ்ட் 3, சனிக்கிழமை. வாட்ச்மேன் ஊருக்குப் போயிருந்தார். மோட்டார் பேனல் பெட்டியின் சாவியும் அவர் சட்டைப்பையில் ஊருக்குப் போயிருந்தது. இரவு 11 மணிக்கு பி பிளாக் மேல்தொட்டி நிரம்பி வழிகிறது, மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கிறது. காவிரியில் போகவேண்டிய ஆடிப்பெருக்கு நம் மொட்டைமாடியில் இறங்கி, மூன்றாவது மாடிப் படிக்கட்டு வழியாக வந்துகொண்டிருந்தது. எலக்ட்ரீஷியனுக்குப் போன் போட்டால் காலையில் வருகிறேன் என்றார். பெட்டியை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பிப் பார்த்தேன், ஸ்க்ரூ டிரைவர்தான் வளைந்தது. கடைசியில் பிளாக்கின் மெயினையே அணைத்தேன். மின்விசிறி நின்ற இரண்டு நிமிடத்தில் எல்லாரும் பால்கனிக்கு வந்துவிட்டார்கள். எண்ணவில்லை, ஆனால் அறுபது பேருக்குக் குறையாது. இந்தச் சங்கத்தின் சரித்திரத்தில் அவ்வளவு பேர் ஒரே நேரத்தில் கூடியது அன்றுதான். தீர்மானம் ஏதும் நிறைவேறவில்லை. என்னைத் திட்டியது மட்டும் ஒருமனதாக.

மறுநாள் அந்தப் பூட்டை உட்கார்ந்து பார்த்தேன். பெரிய வித்தை ஒன்றுமில்லை. வட்டக் குழி, நடுவில் 3 மில்லிமீட்டர் ஊசி, இருபக்கமும் இரண்டு காதுபோல வெட்டு. ஊசியை இடையில் விட்டு, இரண்டு காதிலும் ஏதாவது போய் உட்கார்ந்து திரும்பினால் போதும். "அப்போ இன்னொரு சாவி வாங்கி வெச்சா முடிஞ்சுதுங்களே" என்று ஏ பிளாக் உறுப்பினர் ஒருவர் சொன்னார். நியாயம்தான். மூன்று ஆண்டுகளில் நான்கு சாவி வாங்கினோம். நான்கும் எங்கே என்று அவரும் சொல்லவில்லை. தனிச் சாவி தொலையும். சட்டைப்பையிலேயே இருக்கும் கருவியில் சாவியும் இருந்தால் தொலையாது.

இந்தக் கருவி பிறந்த கதையும் ஒழுகும் குழாயில்தான் ஆரம்பித்தது என்பதை உறுப்பினர்கள் அறியவேண்டும். 1975-இல் டிம் லெதர்மேன் என்ற அமெரிக்கர் மனைவியோடு ஒரு பழைய ஃபியட் காரில் ஐரோப்பாவைச் சுற்றினார். கார் அடிக்கடி மக்கர். தங்கிய மலிவு விடுதிகளில் குழாய் ஒழுகல். கையில் இருந்த மடக்குக் கத்தியால் எல்லாம் முடிந்தது, பிடித்துத் திருகத்தான் குறடு இல்லை. ஊர் திரும்பி, குறடும் கத்தியும் சேர்ந்த கருவி ஒன்றை வடிவமைத்துச் சந்தைக்குக் கொண்டுவர அவருக்கு 1983 ஆகிவிட்டது. எட்டு வருஷம். எனக்கு ஆனது நான்கு மாதம் என்பதைப் பொதுக்குழு கவனிக்க வேண்டும்.

அவர் கம்பெனிக் கருவி நம் சங்கத்துக்குக் கட்டுப்படியாகாது. காட்டூர்ப் பக்கம் ஒரு கடையில் பெயர் தெரியாத ஒன்று ரூ. 950-க்குக் கிடைத்தது. அதில் மீன் செதில் பட்டையைப் பார்த்ததும் எனக்குப் பொறி தட்டியது. நம் குடியிருப்பில் யாரும் நொய்யலில் தூண்டில் போடுவதாகத் தெரியவில்லை. ஆனால் அந்தப் பட்டையின் நுனி பாம்பு நாக்குபோலப் பிளந்திருக்கும். மீன் வாயில் மாட்டிய முள்ளை எடுக்க அப்படி வைத்திருக்கிறார்கள். பிளவை 3.5 மில்லிமீட்டர் ஆக்கிவிட்டால் நடு ஊசி அதற்குள் போகும், இரண்டு நாக்கும் இரண்டு காதில் உட்காரும்.

இங்கே ஒரு தவறு நடந்தது. மறைக்க விரும்பவில்லை. அவசரப்பட்டு, தெரிந்த லேத் பட்டறையில் கிரைண்டரில் வைத்தேன். கருவி ரிவெட் அடித்தது, கழற்ற முடியாது. மற்ற பட்டைகளை மடக்கி ஈரத்துணி சுற்றிக்கொண்டு தேய்த்தேன். பொறி பறந்தது, நுனி நீலமானது. அந்த நீலம் வந்தால் எஃகின் கடினம் போயிற்று என்று அர்த்தம். முப்பத்திரண்டு வருஷம் மில்லில் பிட்டராக இருந்த எனக்கு இது தெரியாததல்ல. அன்று தெரியாதவன் மாதிரி நடந்துகொண்டேன். பூட்டில் விட்டுத் திருப்பியதும் வெல்லப்பாகுபோல முறுக்கிக்கொண்டது.

இரண்டாவது கருவியும் ரூ. 950. இந்த முறை ஸ்க்ரூ வைத்த மாடலாகப் பார்த்து வாங்கினேன். நட்சத்திரத் தலை ஸ்க்ரூவைக் கழற்றினால் ஒவ்வொரு பட்டையும் தனியாக வந்துவிடும். கழற்றுவதற்கு முன் போனில் படம் எடுத்து வைத்தேன். வாஷர்கள் வரிசை மாறினால் கருவி மடங்காது. வீட்டுச் சாப்பாட்டு மேசையில் சின்ன வைஸ் மாட்டி, பட்டையை அதில் இறுக்கி, ஊசி அரத்தால் ராவினேன். கத்தியில் வைத்தால் அரம் வழுக்கிக்கொண்டு போகிறது, பட்டையில் கடிக்கிறது. அது கத்தி அளவுக்குக் கடினமில்லை, கைவேலைக்கு வளையும் என்று அதிலேயே தெரிந்துவிடும். பத்துப் பதினைந்து ராவு, பூட்டில் வைத்துப் பார்ப்பது, மறுபடி மேசைக்கு. மூன்று சாயந்திரம் ஆனது. சாப்பாட்டு மேசை பற்றி என் வீட்டில் எழுந்த ஆட்சேபம் சங்கப் பதிவேட்டில் சேர்க்கப்படவில்லை.

கை வைத்ததும் நிற்கவில்லை. டின் ஓப்பனரைக் கிரைண்டரில் கொக்கியாக்கினேன். இம்முறை கையுறை போடாமல், வெறும் விரலால் பிடித்து, சூடு சுட்டதும் தண்ணீரில் முக்கி முக்கித் தேய்த்தேன். விரல் தாங்கும் சூட்டை எஃகும் தாங்கும். குளியலறைச் சல்லடை மூடியைத் தூக்கவும், முடி அடைப்பை இழுக்கவும் அந்தக் கொக்கிதான். குறட்டின் வாய்க்கு சைக்கிள் டியூப் வெட்டி இரண்டு வளையம் செய்தேன். மாட்டிக்கொண்டு பிடித்தால் குழாயின் பளபளப்பில் கீறல் விழாது. நம் போர்த் தண்ணீர் உப்பு குழாய்முனைச் சல்லடையில் மாதம் ஒருமுறை கல்லாக அடைக்கிறதே, அதைக் கழற்றத்தான். பழைய ஹெட்போனிலிருந்து எடுத்த காந்தத்தை அரால்டைட் வைத்துக் கைப்பிடிப் பள்ளத்தில் ஒட்டினேன், கழற்றிய ஸ்க்ரூ சாக்கடைக்குள் போகாமல் ஒட்டிக்கொள்கிறது. வாட்ச்மேனும் எடுக்கும் பொருள் என்பதால் கத்தி முனையை மழுக்கிவிட்டேன்.

திரும்பப் பூட்டும்போதுதான் சிரமம். இறுக்கினால் பட்டை விரியவில்லை, தளர்த்தினால் ஆடுகிறது. நடுவாக வைத்தால் நாலு நாளில் ஸ்க்ரூ தானே கழல்கிறது. கடைசியில் பேத்தியின் நெயில் பாலிஷை மரையில் ஒரு சொட்டு விட்டு முடுக்கினேன். இன்றுவரை அசையவில்லை. ஸ்க்ரூ தலையில் ரோஸ் கலரில் ஒரு கோடும் இழுத்திருக்கிறேன். கோடு விலகியிருந்தால் யாரோ கழற்றிப் பார்த்திருக்கிறார்கள் என்று பொருள்.

ஒரு எச்சரிக்கை. இதன் கைப்பிடி வெறும் இரும்பு. சைக்கிள் டியூப் சுற்றியதால் கரண்ட் பாயாது என்று யாரும் நினைக்கவேண்டாம். பேனல் கதவைத் திறக்க மட்டுமே இது. திறந்தபின் ஸ்விட்சைக் கையால் அணைக்கலாம். உள்ளே எதையும் கருவியால் தொடக்கூடாது, அது எலக்ட்ரீஷியன் வேலை.

டிசம்பர் முதல் மார்ச் வரை பதினேழு முறை இது பயன்பட்டிருக்கிறது. நோட்டில் தேதியோடு இருக்கிறது. ஒவ்வொரு முறையும் ஆள் கூப்பிட்டிருந்தால் வந்து எட்டிப் பார்ப்பதற்கே ரூ. 300. உறுப்பினர்கள் பெருக்கிக்கொள்ளலாம்.

பதினெட்டாவது முறை நோட்டில் இல்லை. ஒருவர் இரவல் வாங்கி, குறட்டால் தேங்காயின் கண்ணை நெம்பியிருக்கிறார். வாய் ஒரு மயிரிழை கோணிவிட்டது. யார் என்று எனக்குத் தெரியும், பெயர் சொல்லமாட்டேன். மூன்றாவது மாடி. பராமரிப்புத் தொகை ஏழு மாத நிலுவை. தலைவர் தில்லிப் பயணத்துக்குக் கேட்டபோதும் நான் தரவில்லை. கைப்பையில் வைத்தால் விமான நிலையச் சோதனையில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். அவருக்கு அதில் மனவருத்தம் என்று கேள்வி. சங்கச் சொத்தைக் காப்பது என் பொறுப்பு.

வரவு செலவைப் பொறுத்தவரை, வரவு ஏறத்தாழச் செலவுக்குச் சரியாக இருந்தது. விரிவான கணக்கைப் பொருளாளர் உரிய நேரத்தில் வைப்பார். கருவிக் கணக்கு மட்டும் பைசா சுத்தமாகத் தருகிறேன்: கருவி இரண்டு ரூ. 1,900, ஊசி அரம் ஒரு செட் ரூ. 280, அரால்டைட் ரூ. 70, எமரி பேப்பர் ரூ. 40, ஆக ரூ. 2,290. இதில் கெட்டுப்போன முதல் கருவியின் ரூ. 950-ஐ என் கையிலிருந்து கட்டிவிட்டேன், ரசீது இருக்கிறது. காந்தம், டியூப், நெயில் பாலிஷ் நன்கொடை. நிலுவை வைத்திருக்கும் வீடுகள் பதினொன்று. அவர்களில் ஐந்து பேர் இந்த ரூ. 2,290 பற்றிக் கேள்வி கேட்டவர்கள் என்பதைத் தகவலுக்காகக் குறிப்பிடுகிறேன்.

தலைவர், பொருளாளர், செயற்குழு உறுப்பினர்கள், வாட்ச்மேன், துப்புரவுப் பணியாளர்கள், இடம் கொடுத்த லேத் பட்டறைக்காரர் அனைவருக்கும் நன்றி.

வரும் ஆண்டுக்கு மோட்டார் தானாக நிற்கும் சென்சார் போடலாம் என்ற யோசனை இருக்கிறது. நிலுவை வந்தால் போடலாம், வராவிட்டால் நானே இரவில் எழுந்து போகவேண்டும். வயது 67 ஆகிறது, முழங்கால் படியேற மறுக்கிறது. ஆகவே இந்த ஆண்டோடு பொறுப்பிலிருந்து விடுபட விரும்புகிறேன். இளைஞர் யாராவது முன்வந்தால் மகிழ்ச்சியோடு ஒப்படைப்பேன். போன வருஷமும் இதையே சொன்னேன், யாரும் எழுந்திருக்கவில்லை. பொதுக்குழு ஒருமனதாக வற்புறுத்தினால் மட்டும் யோசிக்கவேண்டிவரும்.

ஒப்படைக்கவேண்டியவை: மினிட் புத்தகம் ஒன்று, ரசீது புத்தகம் இரண்டு, ரப்பர் ஸ்டாம்பு ஒன்று, கருவி ஒன்று, பாதி தீர்ந்த நெயில் பாலிஷ் ஒன்று. ஞாயிறுதோறும் கருவியின் மடிப்புகளில் ஒரு சொட்டு தையல்மெஷின் எண்ணெய் விடவேண்டும். அதிகம் விட்டால் தூசி பிடிக்கும்.

கருவியைக் கூட்டத்துக்குக் கொண்டுவந்திருக்கிறேன். டீ வரும்வரை மேசையில் இருக்கும். எல்லாரும் பார்க்கலாம். நிலுவை இல்லாதவர்கள் கையில் எடுத்தும் பார்க்கலாம்.

இப்படிக்கு,
செயலாளர்