அரை மூட்டை சிமெண்டும் உசிக்கும்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

வேலந்தாவளத்திலிருந்து மாமன் எழுதுவது. நீ ரியாத்தில் நலமாக இருப்பதாக அக்கா சொன்னாள். இங்கே ஆடிக் காற்று தென்னை மட்டைகளைப் பிய்த்து எறிந்துகொண்டிருக்கிறது. பாலக்காட்டுப் பக்கம் கர்க்கடக மழை கொட்டுகிறதாம். நமக்கு வழக்கம்போல் தூறலும் தூசியும்தான்.

போன சனிக்கிழமை (2025 ஜூலை 19) நடு இரவில், உக்ரைனின் ஹெவிவெயிட் குத்துச்சண்டை சாம்பியன் உசிக்கைப் பற்றி நீ அனுப்பிய குரல் செய்தியை நாலு முறை கேட்டேன். "மாமா, இந்த ஆளை இனி எவனாலும் ஜெயிக்க முடியாது, எழுதி வைத்துக்கொள்ளுங்கள்" என்றாய். எழுதி வைக்கத்தான் உட்கார்ந்திருக்கிறேன். உனக்கு மட்டும் அனுப்பினால் பாதியில் தூங்கிவிடுவாய். ஊரறிய எழுதினால் கடைசிவரை படித்தே ஆகவேண்டும்.

உன் பரவசம் எனக்குப் புரியாமல் இல்லை. லண்டன் வெம்ப்ளியில் ஐந்தாவது ரவுண்டில் உசிக்கின் இடது கை வந்த வேகத்தில் டுபுவா சரிந்ததைப் பார்த்துவிட்டு யார் நிதானமாகப் பேச முடியும்? 38 வயது ஆள், 27 வயதுக்காரனைப் படுக்கவைத்தார். அன்றோடு 24 சண்டை, 24 வெற்றி. பிரிட்டனின் பெரிய ஹெவிவெயிட்காரர்கள் மூவரில் ஜோஷுவாவை இரண்டு முறை, ஃபியூரியை இரண்டு முறை, டுபுவாவை இரண்டு முறை. அதிலும் ஃபியூரியோடு நடந்த இரண்டும் நீ இருக்கும் ஊரிலேயே நடந்தன. டிக்கெட் விலை உன் மூன்று மாதச் சம்பளம் என்று புலம்பினாயே, ஞாபகம் இருக்கிறது.

நான் இருபத்தொன்பது வருடமாக எடைமேடையில் உட்கார்ந்திருக்கிறவன். 2017-இல் ஜிஎஸ்டி வந்து வரிச் சோதனைச் சாவடி மூடும்வரை, இந்தத் தமிழ்நாடு-கேரள எல்லையைத் தாண்டிய பாதி லாரிகளின் எடை எனக்குத் தெரியும் என்று பெருமை பேசுவேன். அதனால் எனக்கு முதலில் கண்ணில் படுவது எண்தான். 2024 டிசம்பர் மறுசண்டையில் ஃபியூரி 281 பவுண்டு, உசிக் 226. கிலோவில் சொன்னால் 127-க்கு 102. இருபத்தைந்து கிலோ வித்தியாசம், அதாவது அரை மூட்டை சிமெண்ட். அந்த அரை மூட்டையையும் சேர்த்து இறக்கியும் மூன்று நடுவர்களும் ஒரே மாதிரி 116-112 புள்ளி என்று உசிக்குக்குத்தான் எழுதினார்கள். மட்டை நார் ஏற்றிய லாரியும் மணல் ஏற்றிய லாரியும் என் மேடையில் ஒரே எடை காட்டும். சாவடி வளைவில் திரும்பும்போதுதான் எது ஆடும், எது ஆடாது என்று தெரியும்.

ஜெயிக்க முடியாதவர் என்று ஒருவரைப் பற்றி நான் முதலில் கேட்டது, கொழிஞ்சாம்பாறையில் ஒரு முடிதிருத்தும் கடையில். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. கடைக்காரர் மலையாளப் பத்திரிகை ஒன்று, தமிழ்ப் பத்திரிகை ஒன்று என்று இரண்டும் வாங்குவார். 1990 பிப்ரவரி 12, திங்கட்கிழமை. முதல் பக்கத்தில் மண்டேலா சிறையிலிருந்து நடந்து வருகிறார். எல்லோரும் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்க, முடி வெட்டிக்கொண்டிருந்த லாரி டிரைவர் ஒருவர் மட்டும் விளையாட்டுப் பக்கத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, "அச்சுப் பிழையாக இருக்கும்" என்றார். டைசன் தோற்றுவிட்டதாகப் போட்டிருந்தது.

அவர் நம்பாததில் தவறில்லை. மைக் டைசன் 37 சண்டை ஆடி 37-ஐயும் வென்றவர். இருபது வயதில் ஹெவிவெயிட் பட்டம் பிடித்தவர். 1988-இல் மைக்கேல் ஸ்பிங்க்ஸை 91 வினாடியில் முடித்தவர். டோக்கியோவில் எதிரே நின்ற பஸ்டர் டக்ளஸ் மேல் பந்தயம் வாங்கவே லாஸ் வேகஸ் சூதாட்ட விடுதிகள் தயங்கின. வாங்கிய மிராஜ் விடுதி ஒன்றுக்கு நாற்பத்திரண்டு என்று கொடுத்தது. டக்ளஸின் தாய் இறந்து இருபத்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது.

அந்தச் சண்டையை நான் முழுதாகப் பார்த்தது பல வருடம் கழித்துத்தான். பார்த்தபோது எனக்கு ஆச்சரியம், டக்ளஸ் அதிசயம் எதுவும் செய்யவில்லை என்பதுதான். டைசனைவிட அரை அடி உயரம், கைகளை விரித்து அளந்தால் பன்னிரண்டு அங்குலம் கூடுதல். அந்த நீளத்தை வைத்து இடது கையை நேராக நீட்டி நீட்டிக் குத்தினார். டைசன் உள்ளே பாய வந்தால் மோதி நின்றார், பின்வாங்கி ஓடவில்லை. அவ்வளவுதான். இதற்கு டைசனிடம் பதில் இல்லை. பதில் தேடவேண்டிய அவசியமே அதற்கு முன் அவருக்கு வந்ததில்லையே! எதிராளிகள் நடந்து வரும்போதே பாதி செத்து வருவார்கள். அவரை வளர்த்த கஸ் டமாட்டோ இறந்துபோயிருந்தார். அவர் வழியில் பழக்கிய கெவின் ரூனியை டைசனே விலக்கியிருந்தார். சண்டைக்கு முன் பயிற்சியில் கிரெக் பேஜ் அவரைக் கீழே தள்ளியதும் நடந்தது. அதையும் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மாப்பிள்ளை, எனக்கு மறக்காதது இது. டைசனின் கண் வீங்கி மூடிக்கொண்டு வருகிறது. வீக்கத்தை அமுக்கக் குளிர்ந்த இரும்புக் கட்டி ஒன்றை மூலையில் வைத்திருப்பார்கள், எந்தச் சின்னப் போட்டியிலும் அது இருக்கும். உலக சாம்பியனின் மூலையில் அது இல்லை. ரப்பர் கையுறையில் ஐஸ் தண்ணீர் ஊற்றி முடிச்சுப் போட்டு, அதைக் கண்ணில் வைத்துத் தேய்க்கிறார்கள். நம் ஆள் அடி வாங்கிக் கண் வீங்குவான் என்று ஒருவர்கூட நினைத்துப் பார்க்கவில்லை!

எட்டாவது ரவுண்டு முடியும் தறுவாயில் டைசன் ஓர் அப்பர்கட்டில், கீழிருந்து மேலே ஏறும் குத்தில், டக்ளஸைச் சாய்த்தார். டக்ளஸ் எழுந்துவிட்டார். எண்ணியது மெதுவாகவா என்ற சர்ச்சை இன்றும் ஓயவில்லை. பத்தாவதில் டைசன் தரையில் தவழ்ந்து, கீழே விழுந்த பல் காப்பைத் தேடி எடுத்துக் கோணலாக வாயில் வைத்துக்கொண்டு எழ முயன்றார். அந்த லாரி டிரைவர் இதைப் பார்த்திருந்தால் அச்சுப் பிழை என்று சொல்லியிருக்கமாட்டார்.

அதே டக்ளஸ் என்ன ஆனார் தெரியுமா? எட்டு மாதம் கழித்து ஆறேழு கிலோ கூடுதல் எடையோடு வந்து, ஹோலிஃபீல்டிடம் மூன்றாவது ரவுண்டில் வீழ்ந்தார். அந்த ஹோலிஃபீல்ட் கீழ் எடைப் பிரிவான குரூசர்வெயிட்டிலிருந்து ஏறி வந்தவர். இதை மனத்தில் வைத்துக்கொள், பிறகு வருகிறேன்.

மற்றவர்களையும் பார். 1974-இல் கின்ஷாசாவில் ஃபோர்மன் நாற்பது சண்டையில் தோல்வியே காணாதவர், அதில் பெரும்பாலானவற்றைச் சீக்கிரமே முடித்தவர். அலி கயிற்றில் சாய்ந்துகொண்டு அவரை எட்டாவது ரவுண்டுவரை அழைத்துப் போனார். அங்கே ஃபோர்மனுக்கு வழி தெரியவில்லை. 1936-இல் ஜோ லூயிஸ் இன்னும் சாம்பியன் ஆகவில்லை, ஆனாலும் யாராலும் தொடமுடியாதவர் என்ற பேர். ஜெர்மனியின் ஷ்மெலிங் அவர் சண்டைப் படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்து, இடது கையால் குத்தியபின் அதைத் தாழ்வாகவே கொண்டுபோகிறார் என்று கண்டுபிடித்தார். அந்த இடைவெளியில் வலது கையைப் போட்டுப் பன்னிரண்டாவது ரவுண்டில் வீழ்த்தினார். லூயிஸுக்கு அது தெரிந்திருக்கவே வாய்ப்பில்லை. அதுவரை அந்தக் கை தாழ்ந்ததற்கு யாரும் விலை கேட்கவில்லை. (இரண்டு வருடம் கழித்து 124 வினாடியில் கணக்குத் தீர்த்தார், அது வேறு கதை.)

கிளிட்ச்கோவை நீ இழுப்பாய், எனக்குத் தெரியும். ஒன்பதரை வருடம் பட்டத்தை வைத்திருந்தவரை 2015-இல் தன்னைவிட உயரமான ஃபியூரிதானே வென்றார், பெரியவனைப் பெரியவன்தானே சாய்த்தான் என்பாய். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தச் சண்டையை இன்னொரு முறை போட்டுப் பார். பார்க்கவே அலுப்பாக இருக்கும், தேநீர் வைத்துக்கொள். ஃபியூரி எடையால் நசுக்கவில்லை. தோளை ஆட்டி, தலையை ஆட்டி, காலை மாற்றி, எட்டாத தூரத்திலேயே நின்றார். தூரத்தைத் தன் கையில் வைத்திருந்தே பழகிய கிளிட்ச்கோ, துரத்திப் போகவேண்டிய நிலை வந்ததும் குத்தவே மறந்துவிட்டார்.

இப்போது உசிக். அவரோடு மோதுகிறவர்களுக்கு இருக்கும் சிக்கல், லூயிஸின் தாழ்ந்த கை போல விலை கேட்கக்கூடிய பழக்கம் எதுவும் அவரிடம் கண்ணில் படவில்லை என்பது. இடக்கைக்காரர், கால் ஓயாது. முதல் சண்டையில் ஃபியூரி நடு ரவுண்டுகளில் நன்றாகவே ஆடினார். ஆனால் ஒன்பதாவதில் கயிறு தாங்கியதால்தான் நின்றார். ஜெட்டாவில் ஜோஷுவாவின் சிறந்த ரவுண்டு ஒன்பதாவது. பத்தாவதில் உசிக் வட்டியோடு திருப்பிக் கொடுத்தார். அடி வாங்கிய இடத்தில் படிக்கிற ஆள். 2008 பீஜிங் ஒலிம்பிக்கில் இத்தாலியின் ருஸ்ஸோவிடம் தோற்றார், நான்கு வருடம் கழித்து லண்டன் இறுதிப்போட்டியில் அதே ருஸ்ஸோவை வென்று தங்கம் வாங்கினார்.

வயிற்றுப் பக்கம் கொஞ்சம் மெலிவு என்று நினைக்கிறேன். 2023-இல் டுபுவாவின் குத்து பெல்ட்டுக்கு மேலா கீழா என்று அடித்துக்கொண்டார்களே, நடுவர் கீழே, விதிமீறல் என்றார், உசிக்குக்கு ஓய்வு கிடைத்தது. மேலேயோ கீழேயோ, அந்த முகம் வலியில் சுருங்கியது உண்மை. வயது இன்னொன்று. 1978-இல் 36 வயது அலி, எட்டாவது தொழில்முறைச் சண்டை ஆட வந்த லியோன் ஸ்பிங்க்ஸிடம் பட்டத்தை விட்டார். கால் முதலில் போகும், கை பிறகுதான். உசிக்கின் சொத்தே கால்தான்.

என் கணிப்பு உனக்குச் சிரிப்பாக இருக்கும். எல்லோரும் அவரைவிடக் கனமான ஆட்களையே அவர்முன் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். அவர்களைச் சமாளிப்பதைத்தான் அவர் ஏழெட்டுச் சண்டையாகப் பயின்றிருக்கிறார். தன்னைவிட மெதுவான ஆளைச் சுற்றி வருவது அவருக்குப் பழகிய தொழில். தன்னைவிட வேகமான காலை அவர் துரத்தவேண்டி வந்தால்? 1985-இல் லாரி ஹோம்ஸ் 48 வெற்றி, தோல்வி இல்லை, தோல்வியே இல்லாமல் ஓய்வு பெற்ற மார்சியானோவின் 49 வெற்றியைத் தொட இன்னும் ஒன்றே பாக்கி. அவரை வென்றது மலைபோல் ஒருவன் அல்ல. 79 கிலோ எல்லையுள்ள லைட் ஹெவிவெயிட் சாம்பியன் மைக்கேல் ஸ்பிங்க்ஸ், பத்துப் பன்னிரண்டு கிலோ ஏற்றிக்கொண்டு வந்து, பதினைந்து ரவுண்டும் கோணல்மாணலாக நகர்ந்து புள்ளிகளில் வென்றார். ஆம், டைசன் 91 வினாடியில் முடித்த அதே ஸ்பிங்க்ஸ். ஹோலிஃபீல்ட் கீழிருந்து வந்தார். உசிக்கே குரூசர்வெயிட்டில் நாலு பட்டத்தையும் அள்ளிக்கொண்டு கீழிருந்துதானே வந்தார்? அவரை வெல்கிறவனும் அந்தப் படியில் ஏறித்தான் வருவான் என்று என் மனத்துக்குப் படுகிறது. பெயர் கேட்காதே. டக்ளஸின் பெயரை 1989-இல் கொழிஞ்சாம்பாறையில் யாரும் சொல்லவில்லை.

தோற்பதற்கு முன்பே அவர் ஓய்வு பெற்றுவிடலாம், மார்சியானோ போல. அப்படி நடந்தால் நீ ஜெயித்ததாகக் கூத்தாடக்கூடாது, சொல்லிவிட்டேன். ஆட்டத்தில் இருக்கும்போது தோற்கவேண்டும், அதுதான் கணக்கு.

பந்தயம் சந்தைப் பக்கத்துக் கடையில் ஆளுக்கு நாலு புரோட்டா. ஓணத்துக்கு லீவு கிடைக்கிறதா, பொங்கலுக்கா என்று அக்கா கேட்கச் சொன்னாள். எதுவானாலும் தேதியை முன்கூட்டிச் சொல். கோயம்புத்தூர் விமான நிலையத்துக்கு வண்டி நான் எடுத்துக்கொண்டு வருகிறேன். போன முறைபோல் பெட்டி எடை கூடிப்போய் வழியில் பேரீச்சம்பழத்தை எறிந்துவிட்டு வராதே. அங்கேயே ஒரு தராசில் வைத்துப் பார்த்துவிடு.

அன்புடன்,
உன் மாமன்