கடாரம் வென்ற கதை மட்டும் போதுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

சோழர் கடற்படை பற்றிய உங்கள் ஞாயிறு கட்டுரை, 1025-இல் ராஜேந்திரன் ஸ்ரீவிஜயத்தின் மீது (சுமத்ராவை மையமாகக் கொண்ட கடல் அரசு; மலாய்த் தீபகற்பத்துக் கடாரமும் அதன் பிடியில் இருந்தது) படையெடுத்ததோடு முடிந்துவிட்டது. அரசுகளின் உறவில் வலிமையே எல்லாம் என்று சொல்லும் யதார்த்தவாதிகளுக்கு அது போதும். எங்கள் ஊர்ப் பக்கத்துக் கதை இன்னும் சிக்கலானது.

நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் என்ற பௌத்த மடாலயத்தைக் கட்டியவரே ஸ்ரீவிஜய அரசர்தான். கீழ்வேளூர் அருகே உள்ள ஆனைமங்கலத்தின் வருவாயை அதற்குக் கொடுத்தவர் ராஜராஜன். சைவ அரசர், பௌத்தப் பள்ளிக்கு! பரந்த மனம் மட்டும்தான் காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. சீன வணிகத்துக்குப் போகும் மலாக்கா நீரிணை அப்போது ஸ்ரீவிஜயத்தின் பிடியில் இருந்தது. 1015-இல் சோழத் தூதுக்குழு சீனாவின் சோங் அரசவையை எட்டியது. பத்தே ஆண்டில் போர்.

சரி, போரோடு உறவு அறுந்ததா? இல்லை. சுமார் 1090-இல் கடாரத்து அரசரின் தூதர்கள் கேட்டுக்கொண்டதால், அதே விகாரத்தின் ஊர்களுக்குக் குலோத்துங்கன் வரிவிலக்கு அளித்தார். நெதர்லாந்தின் லெய்டன் நகரின் பெயரால் அழைக்கப்படும் சோழர் காலத்து லெய்டன் சிறிய செப்பேடு இதைச் சொல்கிறது. கட்டுரையில் இதற்கு ஒரு வரிகூட இல்லை. அடுத்த பகுதி வருமானால் இதையும் எழுதுங்கள்.

– வாசகர், கீழ்வேளூர்